முன்ஹோலில் இருத்தியவள்

யாராவது ஒரு பென் ட்ரைவைக் கொண்டுவந்து நீட்டினால் அவள் உடனே வாங்கமாட்டாள். கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். "இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்பாள். பிறகுதான் கை நீளும். இரண்டு விரலால் அதைப் பிடித்து, மேசை ஓரத்தில் வைத்து, "இது எங்கால வந்த?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் சந்தேகமோ குத்தலோ இருக்காது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் எந்த ஊர், ஆருடைய மகன் என்று விசாரிக்கிற குரல்தான் அது.

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த நாளே, "என்ட பேர வெளிய விட ஆரு சொன்ன?" என்று ஒரு வொய்ஸ் மெசேஜ் வரும். சத்தம் போடாமல் கேட்பாள். 

என் ஸ்டூடியோ கல்முனையில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற குறுக்கு வீதியொன்றில் இருக்கிறது. பெண்களைப் பெண்ணே படமெடுக்கிற ஸ்டூடியோ. எங்கள் ஊர்க் கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் வரமாட்டார்கள். அங்கே மணப்பெண் தலையை மூடாமல் இருப்பாள். தங்கச்சிமாரும் கூட்டாளிமாரும் வீட்டு அறைக்குள் இருப்பதுபோல் சிரிப்பார்கள், பாடுவார்கள், ஒருத்தி மற்றவளின் மூக்கில் இனிப்பைப் பூசுவாள். அந்தப் படங்களை நான் எடுப்பேன். அவள் அவற்றைத் திருத்தி அல்பமாக்குவாள். எங்கள் இரண்டு பேரின் கண்ணைத் தவிர வேறு கண் படாது என்று வாக்குக் கொடுத்துத்தான் வேலையை எடுப்போம். ஒரே ஒரு படம் வெளியே போனாலும் அந்தப் பெண்ணுக்கு ஊருக்குள் தலைகாட்ட முடியாது. நாங்களும் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே வயது. பாலமுனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எங்களுக்குள் சொந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் "மச்சி" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், சொல்லின் வாலில் ஒரு "கா"வும் ஒட்டிக்கொள்ளும். கடை என்னுடையது. வாயும் எனக்குத்தான் பெரிது. வருகிறவர்களை வளைத்துப் பேசி வேலையைப் பிடிக்கிறவள் நான். அவள் மூலையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, தேவைக்கு மட்டும் வாயைத் திறப்பாள். அவள் வாயிலிருந்து அதிகமாக வருகிற சொல் "தெரியா" என்பதுதான்.

கெமராவிலிருந்து படம் களவு போவது அரிது. அல்பம் செய்கிற கொம்பியூட்டரிலிருந்துதான் போகும். அல்பம் செய்வதென்றால் விதவிதமான டிசைன்கள் வேண்டும், முகத்தைப் பளபளப்பாக்குகிற சின்னச் சின்னப் புரோகிராம்கள் வேண்டும். இவையெல்லாம் ஸ்டூடியோவிலிருந்து ஸ்டூடியோவுக்குக் கைமாறி வருபவை. யார் செய்தார், எங்கே பூட்டை உடைத்தார் என்று எவருக்கும் தெரியாது. கூடவே ஒரு குறிப்பும் வரும்: முதலில் வைரஸைத் தடுக்கிற வைரஸ் கார்டை நிறுத்திவிட்டு இதைத் திறக்கவும். நானும் ஐந்து வருடமாக அப்படியே நிறுத்திவிட்டுத் திறந்துகொண்டிருந்தவள்தான்.

வேலைக்கு வந்த முதல் நாள் அந்தக் குறிப்பை அவள் சத்தமாக வாசித்தாள். பிறகு கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"வாசல்ல நிக்கிற காவல்காரன முதல்ல வீட்ட அனுப்புங்க, புறகு நான் உள்ள வாறன் எண்டு ஒரு ஆள் சொன்னா, நீ என்னகா செய்வாய்?"

"அது கொம்பியூட்டர்கா. எல்லாரும் அப்பிடித்தான் செய்றாங்க."

"எல்லாரும் எண்டா ஆரு ஆரு?"

ஆரு ஆரு என்று யோசித்துப் பார்த்தேன். என்னைப்போல் அவசரக்காரர்களின் முகங்களே நினைவுக்கு வந்தன. பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்று பின்னேரமே அவள் எங்கள் கொம்பியூட்டரில் ஒன்றைப் போட்டாள். அதன் முறையான பெயர் சாண்ட்பாக்ஸ். கொம்பியூட்டருக்குள்ளேயே மறித்துக் கட்டிய ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத புரோகிராமை அதற்குள் விட்டுத் திறந்தால், முழுக் கொம்பியூட்டரும் தன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அது தன் வேலையைத் தொடங்கும். எழுதும், அழிக்கும், களவெடுக்கப் பார்க்கும். எல்லாம் அந்த மறிப்புக்குள்ளேதான். எங்கள் படங்கள் இருக்கிற இடத்தை அது காணமுடியாதபடி அவள் அடைத்து வைத்திருந்தாள். இன்டர்நெட்டுக்குப் போகிற வழியையும் அடைத்திருந்தாள். அது என்னென்ன செய்யப் பார்த்தது என்று ஒரு பட்டியல் விழும். வேலை முடிந்ததும் மறிப்பைத் துடைத்துவிட்டால் வந்த ஆளின் சுவடே இருக்காது. மறிப்புக்குள் திறந்த எதைச் சுற்றியும் திரையில் மஞ்சள் கரை ஒன்று தெரியும். கரை இருந்தால் அது உள்ளே அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சாண்ட்பாக்ஸ் என்ற சொல்லை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. முன்ஹோல் என்பாள், வீட்டின் முன்பக்கத்து ஹால். எங்கள் வீடுகளுக்குத் தெரியாத ஆம்பிளை ஒருவர் வந்தால் முன்ஹோலில்தான் இருத்துவோம். நல்ல கதிரையாகப் பார்த்துக் கொடுப்போம். தேத்தண்ணி வரும், வட்டிலப்பம் இருந்தால் அதுவும் வரும். உள்ளே போகிற வாசலில் திரை தொங்கும். அவர் அதைத் தாண்டி வரமாட்டார். வரவேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்வதும் இல்லை, அவருக்கு அது அவமானமாகப் படுவதும் இல்லை.

"அவர் நல்ல மனிசனாத்தான் இரிப்பார்கா. நமக்குத் தெரியாதே. தெரியாதெண்டா முன்ஹோல்" என்பாள். அவளுடைய சட்டப் புத்தகம் முழுவதும் அவ்வளவுதான்.

ஐந்து வருடமாக நான் சேர்த்த புரோகிராம்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. என் சீதனம் மாதிரி அதைப் பாதுகாத்து வைத்திருந்தேன். அதை எடுத்து, ஒவ்வொன்றாக முன்ஹோலில் இருத்தி, பதினொரு நாள் பார்த்தாள். பதினொரு நாளும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடிவில் கொப்பித் தாளொன்றில் இரண்டு நிரல் எழுதித் தந்தாள். ஒரு பக்கத் தலைப்பு, ஒழுங்காக இருந்தவர்கள். மற்றப் பக்கம், திரைக்குள் எட்டிப் பார்த்தவர்கள். எட்டிப் பார்த்தவர்களின் பக்கத்தில் முதலாவதாக இருந்தது, மணப்பெண்ணின் முகத்துக்கு முத்துப் பளபளப்புக் கொடுக்கிற என் செல்லப் புரோகிராம்.

"அது இல்லாம அல்பம் செய்ய ஏலாகா!" என்று குதித்தேன்.

"உன்ட முத்து, முகத்தப் பாக்கிறத விட்டுப்போட்டு நம்மட ஃபோல்டர் ஒவ்வொண்டையும் தேடுது. எனக்கு என்னத்துக்கு அப்பிடி ஒரு முத்து?"

அழித்துவிட்டாள். அந்தக் கலியாணப் பருவம் முழுக்க எங்கள் ஊர் மணப்பெண்கள் தங்கள் சொந்த முகத்தோடேயே அல்பத்தில் இருந்தார்கள். ஒருத்திகூடக் குறை சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சல்.

உண்மையைச் சொன்னால், அவள் சட்டத்தை இரண்டு தரம் நான் மீறியிருக்கிறேன். மஞ்சள் கரைக்குள் திறந்த டிசைன்கள் நான் கேட்ட இடத்தில் பதியாமல் இழுத்தடித்தன. அவள் இல்லாத நேரம் பார்த்து, அவற்றை வெளியே இழுத்து நேரே திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டுத்தான் என் கோபத்தைத் தீர்த்துக்கொள்வேன். ஒருநாள் அதற்கு மறுமொழி வந்தது.

"பயந்தவ திறக்கவே மாட்டா. நான் எல்லாத்தையும் திறக்கிறன்."

அது மெய். வைரஸ் என்று பெயர் கேட்டாலே மற்ற ஸ்டூடியோக்காரர்கள் பென் ட்ரைவைத் தூக்கியெறிவார்கள். இவள் கேட்டு வாங்குவாள். ஒருநாள் முறுக்குப் பையொன்றை உடைத்து மேசையில் வைத்து, "வாகா, ஒரு ஆள் வந்திரிக்கார்" என்று என்னைக் கூப்பிட்டாள். மஞ்சள் கரைக்குள் ஒரு சனியன், அங்கே அவள் போட்டு வைத்திருந்த பொய்க் கோப்புகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில் மிரட்டியது. கப்பம் கேட்டது. அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டு, "பாவம், என்னா பாடுபடுறார்" என்றாள். பிறகு ஒரு தட்டு. எல்லாம் போய்விட்டது. எங்கள் மணப்பெண்களின் படங்கள் பக்கத்து ஃபோல்டரில் அசையாமல் இருந்தன. அந்த நாளில் அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளுகிறவள் என்று நினைக்கவேண்டாம். வீரமுனையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். கோயில் திருவிழா நோட்டீசுக்கு அழகான தமிழ் எழுத்து ஒன்றை எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதைப் போட்ட கடைகளிலெல்லாம் கொம்பியூட்டர் இழுத்துப்பறித்து நின்றுபோனதாம். "ஒருத்தரும் கையால தொடமாட்டாங்களாம் பிள்ள. இந்த எழுத்தில அடிச்சாத்தான் நோட்டீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும்" என்று வாசலிலேயே நின்றார்.

"உள்ள வந்து இரிங்க சேர்" என்றாள் அவள். அரைமணி நேரம் பார்த்தாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள். "எழுத்தில பிழ இல்ல சேர். எழுத்து நல்ல பிள்ள. அதக் கூட்டிக்கொண்டு வந்தவங்கதான் சரியில்ல. அவங்கள விட்டுப்போட்டு எழுத்த மட்டும் எடுத்துத் தாறன்."

மறிப்புக்குள்ளிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தாள். மிச்சத்தைத் துடைத்தாள். திருவிழா முடிந்த பிறகு வாத்தியார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பழத்தைப் பழமாகவே, ஒன்றும் பார்க்காமல் சாப்பிட்டாள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மற்றப்படி வாழ்க்கையிலும் அவள் இப்படித்தான். புது உடுப்பை முதல்முறை தனி வாளியில்தான் தோய்ப்பாள். மாப்பிள்ளை பார்க்க வந்தபோதும் இதே கதைதான். அவர் வந்து முன்ஹோலில் இருந்தார். அண்ணனை நாங்கள் காக்கா என்போம்; உள்ளேயிருந்து இவள், தன் காக்காவின் மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொருவராக ஹோலுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒருவன் அவருடைய மணிக்கூட்டைக் கேட்டு அழுதான். ஒருத்தி தேத்தண்ணியை அவர் சேட்டில் ஊற்றினாள். மூன்றாவது, அவருடைய போனை எடுத்துக்கொண்டு வளவுக்குள் ஓடிவிட்டது. இரண்டு மணித்தியாலம் இது நடந்தது.

"கடைசியில என்னகா சொன்ன?" என்று கேட்டேன்.

"அவர் ஒண்டையும் உடைக்கல்ல. ஒருத்தரையும் ஏசல்ல. சரி எண்டுட்டன்."

அந்த மனிதரோடுதான் இப்போது கடல் கடந்து போய் இருக்கிறாள். அங்கே ஒரு கம்பனியில், உலகத்தில் எவனெவனோ எழுதி அனுப்புகிற புரோகிராம்களை அடைத்து வைத்துத் திறந்து பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களாம். என்னிடம் இருக்கும்போதும் அதைத்தான் செய்தாள். நான் ஏச்சுத்தான் கொடுத்தேன்.

ஏசாமல் இருந்த நாள் ஒன்று உண்டு. அவளை நான் முழுதாகத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கலியாணங்கள் நெருக்கியடித்த நேரம். ஒரு மணப்பெண்ணின் உம்மாவும் காக்காவும் கடைக்கு வந்தார்கள். காக்கா எங்களுக்குத் தம்பி வயது, வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு மாதம்தான். தாடியும் அத்தருமாக, நல்ல மரியாதையான பிள்ளை. அவருடைய தங்கச்சியின் கலியாணப் படங்கள் எங்கள் கொம்பியூட்டரில் இருந்தன. அல்பம் அச்சாகி வந்துவிட்டது. படங்களை ஒரு பென் ட்ரைவில் போட்டு அசருக்கு, பின்னேரத் தொழுகை நேரத்துக்கு, மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுப்பதாக இருந்தது.

"அதுதான் எனக்குப் பயம்" என்றார் அவர். "அவங்கட வீட்ட ஆரும் கொப்பி எடுத்தா? ஆம்புளட படமெண்டா பரவால்ல. இது என்ட தங்கச்சிட படம்."

நியாயமான பயம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் தன் பென் ட்ரைவொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுக்குள்ள ஒரு புரோகிராம் இரிக்கி. இதப் போட்டுப் படத்தப் பூட்டினா ஆரும் கொப்பி எடுக்க ஏலா. அங்க நம்மட ஆக்கள், நல்ல தொழுகையாளிகள், வீட்டுப் படங்கள இதாலதான் பூட்டுறாங்க."

"இது எங்கால வந்த?" என்றாள் அவள்.

"அங்க பள்ளிவாசல்ல எனக்குப் பக்கத்தில நிண்டு தொழுற ஒரு காக்கா தந்த."

"அவருக்கு ஆரு குடுத்த?"

"அவருக்கு ஆரோ."

"நல்லம். தேத்தண்ணி குடிங்க. லுஹர் தொழுதுட்டு வந்து பாக்கன்."

மதியப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அவள் உள்ளறைக்குப் போனாள். காக்கா என்னைப் பார்த்தார்.

"இதில பாக்கிறதுக்கு என்ன இரிக்கி? திறந்தோண்ண பிஸ்மில்லாஹ்தான் முதல்ல வரும். அத எழுதினவன் களவெடுப்பானா?"

"போடுங்க மகள்" என்றார் உம்மா. "அசருக்கு அவங்க வந்திருவாங்க."

கடை என்னுடையது என்று சொன்னேன் அல்லவா. அந்த நினைப்பும் தலைக்கேறியது. வந்தவர்களின் முகம் வாடினால் எனக்குத் தாங்காது என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, அல்லாஹ்வின் பெயரோடு தொடங்குகிற ஒன்றைக் கொஞ்சம் இரு, உன்னைப் பார்க்கவேண்டும் என்று நிறுத்தி வைக்க என் மனம் கூசியது. எங்கள் ஊரில் யாருக்கும் கூசும். அதை எழுதியவனுக்கும் அது தெரிந்திருக்கிறது.

பென் ட்ரைவைச் செருகித் திறந்தேன். பச்சை நிறத் திரை. பள்ளிவாசல் குப்பா ஒன்று, அந்த வட்டக் கூரை. அழகான அரபு எழுத்தில் பிஸ்மில்லாஹ். சுற்றிலும் மஞ்சள் கரை இல்லை. இல்லை என்பதைக் கண்டேன். நேரேதான் திறந்துவிட்டேன் என்று விளங்கியது. விளங்கியும் நிறுத்தவில்லை. எந்த ஃபோல்டரைப் பூட்டவேண்டும் என்று அது கேட்டது. கலியாணப் படங்கள் என்று ஒரே ஒரு ஃபோல்டரைத்தான் காட்டியது. அதைத் தட்டினேன். ஒரு கோடு நிரம்பி நிரம்பி ஓடியது. முடிந்ததும் ஒரு பூட்டின் படம் வந்தது. உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். காக்கா தேத்தண்ணியை எடுத்து நிம்மதியாக ஒரு மிடறு குடித்தார்.

தொழுகை உடுப்போடேயே அவள் வந்தாள்.

"போட்டுட்டன்" என்றேன், முதலாளியின் குரலில்.

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். எதையோ திறந்து மேலிருந்து கீழே வாசித்தாள். அவள் வாசிக்க வாசிக்க என் முதலாளிக் குரல் எங்கேயோ போய்விட்டது.

"தம்பி, இஞ்ச கொஞ்சம் பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். "இது பூட்டின மாதிரிக் காட்டுது. ஆனா பூட்ட முந்தி எல்லாப் படத்திலயும் ஒரு கொப்பி எடுத்திரிக்கி. எடுத்து வெளிய அனுப்பப் பாக்குது. ஒருக்கா இல்ல. இந்தா, இப்பயும் அனுப்பப் பாக்குது."

 அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள் வந்தது. முடியை அவிழ்த்துப் போட்டு, மருதாணிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தவள். நான் சொன்ன பகிடிக்குத்தான் சிரித்தாள். அவளுடைய உம்மா எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தார். யா அல்லாஹ், இந்தக் கையால்தான் தட்டினேன்.

"போயிட்டாகா?" என்று கேட்டேன். 

"எது?"

"படம்."

"என்ட பூனைட படமா?" என்றாள்.

அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். அவளுடைய சாம்பல் பூனை படுத்திருந்தது. பூனை எழும்பியிருந்தது. பூனை கொட்டாவி விட்டது. இடையிடையே பாலமுனைக் கடற்கரையில் பாயில் காயப்போட்ட கருவாடு. "கலியாணப் படம் எண்டு நான் பொய்ப் பேர் வெச்சது. இதத்தான் அது கொப்பி எடுத்த. கலியாணப் படம் இரிக்கிற இடம் அதுக்குத் தெரியவே தெரியா. பூனையும் போகல்ல. போறதுக்கு வழி இல்ல."

நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் சாய்ந்துவிட்டேன். எப்படி இது நடந்தது என்று கேட்கிற நிலையில் இல்லை. காக்கா எழும்பி நின்றார். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நான் இத என்ட லெப்டொப்ல போட்டு ஒரு மாசமாகுது" என்றார்.

"அதுக்குள்ள ஆருட படம் இரிக்கி?"

"என்ட படந்தான். அங்க றூமில, கூட்டாளிமாரோட... வேற ஆருட படமும் இல்ல."

ஆம்புளட படமெண்டா பரவால்ல என்று சொன்னீர்களே தம்பி, என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"ஆருட கைக்குப் போயிரிக்கும்?" என்று கேட்டார்.

"தெரியா தம்பி."

"திருப்பி எடுக்க ஏலாதா?"

"ஏலா." அதை மெதுவாகச் சொன்னாள். "வீட்ட போய் லெப்டொப்ப இன்டர்நெட்ல இரிந்து கழட்டிப்போட்டு இஞ்ச கொண்டு வாங்க. நான் துடைச்சித் தாறன். அதுக்கு முந்தி உங்களுக்குத் தந்தவருக்கு இப்பயே சொல்லுங்க. அவங்கட வீட்டுப் பொம்புளயள்ட படம் இரிக்கும்."

அவர் அங்கேயே நின்று போனை எடுத்தார். "காக்கா, அத உடன அழிங்க காக்கா. இன்டர்நெட்ட முதல்ல நிப்பாட்டுங்க. காரணம் புறகு சொல்றன்" என்றார். மூன்று பேருக்கோ நான்கு பேருக்கோ எடுத்துச் சொன்னார். வெட்கத்துக்காக மறைக்காமல் எல்லோருக்கும் சொன்னார். அதற்காக அந்தப் பிள்ளையை எனக்கு மறுபடியும் பிடித்துவிட்டது.

உம்மாவுக்குக் கொம்பியூட்டர் விளங்கவில்லை, நடந்தது விளங்கியது. எழும்பி வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். "என்ட புள்ளட மானத்தக் காத்துப்போட்டீங்க மகள்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "பென்னும் வாணாம் ஒண்டும் வாணாம். அல்பத்த மட்டும் குடுப்பம். பாக்கிறவங்க வீட்ட வந்து பாக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அல்பத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தோம். போனார்கள்.

அவர்களுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

"மஞ்சள் கரை எங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் கழட்டினன்."

"என்னத்துக்கு?"

"கரையக் கண்டா நீ அத வெளிய இழுத்து எடுத்துத் திறப்பாய். ரெண்டு தரம் திறந்தாய்." கொம்பியூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். "அதான், பென்னில வாற எதத் திறந்தாலும் தன்பாட்டில முன்ஹோலுக்குள்ள போற மாதிரி வெச்சன். நான் முன்ஹோல்ல இருத்தினா மட்டும் கரை வரும். நீ நேரே திறந்தாலும் அதுக்குள்ளதான். கரை மட்டும் தெரியாது."

"எப்ப இரிந்து?"

"எட்டு மாசம்."

எட்டு மாதமாக என் கடையில், என் கதிரையில், என் கொம்பியூட்டருக்கு முன்னால் நான் என் இஷ்டப்படி வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரைக்கு வெளியே என்னையும் இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறாள். சற்று முன்னால் அவளுக்கு நன்றி சொல்லத் தேடிய வாய்க்கு இப்போது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அப்ப என்னையும் நீ நம்பல்ல."

அவள் கதிரையைத் திருப்பினாள். தொழுகை உடுப்புக்குள் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது.

"உன்ன நம்பாம இல்லகா. நீ ஆக்கள நம்புவாய் எண்டு தெரியும்."

நான் வெறும் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"அத மாத்த ஏலா. மாத்தவும் வாணாம். நீ நம்புறதாலதான் அந்தப் புள்ளையள் உன்ட கெமராவுக்கு முன்னால முக்காட்டக் கழட்டிப்போட்டு அப்பிடிச் சிரிக்குதுகள். நான் போய் எடுத்தா ஒருத்தியும் சிரிக்க மாட்டாள். எங்கால வந்த எண்டு கேப்பன்." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். "நீ நம்பு. மிச்சத்த நான் பாக்கன்."

இருபத்தைந்து வருட வாழ்க்கையில், உன் பலவீனம் என்று எல்லோரும் ஏசிய ஒன்றை எடுத்து யாரும் என் கையில் அப்படித் திருப்பித் தந்ததில்லை.  அவளுடைய மேசையிலேயே தலையைக் கவிழ்த்து, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதேன்.

கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு என் தோளைத் தொட்டு உயர்த்தினாள்.

"அங்கால தள்ளி இரிந்து அழுகா. கீபோர்ட் நனையுது."